பரணில் இருப்பவரும் பார்க்க வருபவரும்

ஐப்பசி பிறந்து ராகிக் கதிர் பால்பிடிக்கத் தொடங்கிவிட்டால் கிருஷ்ணகிரி மாவட்டச் செய்திகளில் ஒரே மாதிரியான தலைப்பு வரிசையாக வரும். சானமாவு காட்டில் யானைகள் முகாம். சுற்றுவட்டாரக் கிராமத்தார் இரவில் வெளியே வர வேண்டாம் என்று வனத்துறை எச்சரிக்கை. தை முடியும்வரை யானைகளின் எண்ணிக்கை மட்டும் மாறிக்கொண்டிருக்கும். இதற்கு இரண்டு விளக்கங்கள் எப்போதும் தயார். காட்டை அழித்து ஆலை கட்டினோம், போக்கிடம் இல்லாமல் யானை ஊருக்குள் வருகிறது என்பது நகரத்தார் சொல்வது. முன்பெல்லாம் இவ்வளவு இல்லை, கர்நாடகக்காரர்கள் இந்தப் பக்கம் விரட்டிவிடுகிறார்கள் என்பது ஊர்க்காரர் சொல்வது. இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. இரண்டுமே வரலாற்றைச் சுருக்கிவிடுகின்றன. இந்த எல்லையோர மேட்டுநிலத்தில் மனிதரும் விலங்கும் எதிர்ப்படுவது பழைய சங்கதி. அந்தச் சந்திப்பு மூன்று பங்காகப் பிரிந்துபோனதுதான் புதிது. விலங்குக்கு முன்னால் விழித்திருக்க வேண்டியவர் ஒருவர், அதைக் கண்டு மகிழ்பவர் வேறொருவர், அதன் உரிமையாளர் மூன்றாமவர். இந்தப் பாகப்பிரிவினைக்கு ஏறக்குறைய இருநூறு வயதாகிறது. இன்றைய சச்சரவைக் காடு சுருங்கிய கதையைவிட இந்தக் கதை நன்றாக விளக்குகிறது என்பது என் வாதம்.

முதலில் நிலத்தைப் பார்த்துவிடலாம். ஓசூர் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேற்கே காவிரி, தெற்கே மேலகிரி மலைகள், வடக்கே பெங்களூரின் கடைசித் தெருக்கள், கிழக்கே ஆந்திர எல்லை. பன்னேருகட்டா காட்டிலிருந்து இறங்கும் யானைக் கூட்டம் தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, நொகனூர், ஊடேதுர்க்கம் என்று காட்டுத் துண்டுகளைப் பிடித்துக்கொண்டே நகர்ந்து சானமாவு வந்து சேரும். இந்தச் சானமாவு, ராயக்கோட்டைச் சாலைக்கும் தேசிய நெடுஞ்சாலைக்கும் இடையில், ராகி வயலும் தக்காளித் தோட்டமும் சூழ்ந்து நிற்கும் ஒரு தீவு. ராஜாஜி 1878ல் பிறந்த தொரப்பள்ளி இதன் பக்கத்து ஊர்தான். ஆடி ஆவணி மழையில் விதைக்கும் ராகி கார்த்திகை மார்கழியில் அறுவடைக்கு வரும். ஊடுபயிராக அவரையும் கடுகும் நிற்கும். அறுத்த தாளைக் கதிரோடு போர் போட்டுக் காயவைத்துப் பிறகு களத்தில் அடிப்பார்கள். யானைக்கு நிற்கும் கதிரும் சரி, போட்ட போரும் சரி. யானை ஆய்வாளர் ஆர். சுகுமார் 1980களில் சத்தியமங்கலம், சாமராஜநகர்க் காடுகளில் செய்த ஆய்வில் இதற்கான காரணத்தைத் தெளிவாக்கினார். காட்டுப் புல்லைவிட ராகியிலும் நெல்லிலும் புரதம், சுண்ணாம்புச் சத்து, உப்புச் சத்து மூன்றும் கூடுதல். பயிரை அதிகம் தேடி வருபவை வளர்ந்த ஆண் யானைகள். பசியால் விரட்டப்பட்டுத்தான் யானை வயலுக்கு வருகிறது என்று சொல்வதற்கில்லை. காடு முழுசாக இருக்கும் இடத்திலும் நல்ல தீனி எது என்று அதற்குத் தெரியும். கிருஷ்ணகிரியும் தருமபுரியும் தமிழ்நாட்டில் ராகி அதிகம் விளையும் மாவட்டங்கள் என்பதை இத்துடன் சேர்த்துப் படிக்க வேண்டும். காட்டோரத்தில் ராகி விளைந்த காலம் முழுக்க இந்த ஈர்ப்பும் இருந்திருக்கும்.

அப்படியானால் பழைய காலத்தில் யார் எதிர்கொண்டார்கள்? சங்க இலக்கியத்தின் குறிஞ்சிப் பாடல்கள் பலவற்றில் தினைப்புனம் காப்பதுதான் களம். பரண், கவண், தட்டை, குளிர், தழல் என்று காவலுக்கு ஒரு கருவிப் பட்டியலே அவற்றில் கிடைக்கிறது. பகலில் கிளி, இரவில் பன்றியும் யானையும். விலங்கை எதிர்ப்படும் பயத்தைக் காதலுக்கான வாசலாக்கவும் அந்தக் கவிஞர்களுக்குத் தெரிந்திருந்தது. தலைவியை நோக்கி வரும் யானையைத் தலைவன் தடுத்து, அதன் வழியே இருவரும் சேர்வதற்குக் ‘களிறுதரு புணர்ச்சி’ என்று பெயர். கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் இந்தக் காட்சி விரிவாக வருகிறது. கவனிக்க வேண்டியது, அந்த உலகில் காவல் காப்பவளும் யானையைக் கண்டு நடுங்குபவளும் அந்த நடுக்கத்தால் இன்பம் அடைபவளும் ஒருத்தியே. கற்பனைதானே என்றால் கல்லுக்கு வருவோம். தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரம் நடுகற்களுக்குப் பேர்போனது. ஆநிரை மீட்டு விழுந்தவனுக்கு எடுத்த கற்கள் ஒரு பக்கம் இருக்க, புலியோடு பொருது இறந்தவனுக்கும் பன்றியைக் குத்தி மாய்ந்தவனுக்கும் எடுத்த கற்கள் ஊர் எல்லைகளிலும் ஏரிக்கரைகளிலும் நிற்கின்றன. வீரன் ஒரு கையால் புலியின் வாயில் கத்தியைச் செருக, புலி பின்னங்காலில் எழுந்து அவன் மேல் பாயும். சிற்பியின் கை எளியது, ஆனால் என்ன நடந்தது என்பதில் சந்தேகம் வைக்காது. விலங்கோடு பொருதது நாயாக இருந்தாலும் கல் உண்டு. இன்றைய மண்டியா மாவட்டத்து ஆதகூரில் கிடைத்த கி.பி. 949-50ஆம் ஆண்டுக் கன்னடக் கல்வெட்டு, காளி என்ற வேட்டை நாய் பெரும்பன்றியோடு பொருது இரண்டும் மாண்டதைச் சொல்லி, நாய்க்குக் கல் எடுத்து நிலமும் விட்டதைப் பதிவு செய்கிறது.

இங்கே ஒரு மறுப்பு எழும். கல் நாட்டப்பட்டவர்கள் குறுநிலத் தலைவர்கள், அவர்களுடைய மறவர்கள். ஆதகூர் நாயும் அரசனின் நாய். ராகிக் காட்டில் பன்றி குத்திச் செத்த சாதாரணக் குடியானவனுக்கு யார் கல் எடுத்தார்கள்? நியாயமான கேள்வி. எல்லாருக்கும் கல் கிடைத்தது என்று நான் சொல்லவில்லை. அன்றைய சமூகம் நீதியானது என்றும் சொல்லவில்லை. ஆனால் விலங்கை எதிர்த்து நிற்பது ஊருக்குச் செய்யும் காரியம், அதில் சாவு நேர்ந்தால் அந்தக் கணக்கு ஊரின் மேல் விழும் என்ற எண்ணம் இருந்ததற்குப் புலிகுத்திக் கற்களே சான்று. காவலும் பெருமையும் நிலமும் ஒரே ஊருக்குள் சுற்றி வந்தன. பெயர் தெரியாத அந்த வீரர்களில் பலர் இன்றும் ‘வேடியப்பன்’ என்ற பெயரில் பொங்கல் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

பிரிவினை கம்பெனி ஆட்சியோடு தொடங்குகிறது. 1792ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திப்பு சுல்தான் கிருஷ்ணகிரி, தருமபுரிச் சமவெளியான பாராமகாலைக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். ஓசூரைச் சேர்ந்த மேட்டுநிலம் 1799ல் அவர் வீழ்ந்தபின் வந்தது. அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளர் தாமஸ் மன்றோவும் ரயத்துவாரி முறைக்கு உருக்கொடுத்த மண் இதுதான். ஒவ்வொரு வயலுக்கும் ஒரு பட்டாதாரர், ஒவ்வொரு பட்டாதாரருக்கும் ஒரு வரிக்கணக்கு. நிலவரி வரலாற்றில் மன்றோவுக்குப் புகழ் தேடித்தந்த இந்த ஏற்பாட்டுக்குக் காவல் சார்ந்த ஒரு விளைவும் இருந்தது என்பது என் கணிப்பு. வயல் தனித்தனியாகக் கணக்கில் ஏறியதும் அந்த வயலின் நட்டமும் தனித்தனியாகிவிட்டது. பரண் பட்டாதாரரின் வீட்டுப் பிரச்சினை ஆனது. அதே நேரத்தில் விலங்கின் நிலையும் மாறியது. முதலில் அரசு அதை விவசாயத்தின் பகையாகப் பார்த்தது. புலிக்கும் யானைக்கும் தலைக்கு இவ்வளவு என்று பரிசு கொடுத்துக் கொல்லச் சொன்னது. பிறகு காற்று மாறியது. மரம் இழுக்கவும் படைத் தளவாடம் சுமக்கவும் யானை தேவைப்பட்டபோது, அது அழிகிறதே என்ற கவலை வந்தது. 1873ல் சென்னை மாகாணம் காட்டு யானைப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. இந்தியாவிலேயே இந்த வகையில் இது முன்னோடி. 1879ல் இந்திய அரசின் சட்டம் வந்தது. 1882ல் சென்னை வனச் சட்டம் வந்து, மேய்ச்சலுக்கும் சுள்ளிக்கும் தேனுக்கும் திறந்திருந்த மலைகள் ‘ரிசர்வ்’ ஆயின. யானையும் அது நடக்கும் காடும் சர்க்காருடையவை ஆயின; அது மிதிக்கும் வயல் மட்டும் குடியானவனுடையதாகவே இருந்தது.

1879ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு விதிவிலக்கு உண்டு. தன் உயிரையோ பிறர் உயிரையோ காக்க, அல்லது வீட்டையும் சாகுபடியையும் சேதப்படுத்தும் யானையைத் தடுக்க, அதைக் கொல்லலாம். உரிமை சர்க்காருக்குப் போனாலும் வயல்காரனுக்கு ஒரு கதவைத் திறந்து வைத்தார்கள். 1972ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டமும், 1977ல் யானை அதன் முதல் அட்டவணைக்குப் போனதும் அந்தக் கதவைச் சாத்தின. உயிர்காக்கும் தற்காப்புக்கு இடம் உண்டு, பயிருக்கு இல்லை. சாத்தியது சரி என்பதே என் நிலைப்பாடு. தந்தத்துக்காக ஆண் யானைகள் கொன்று குவிக்கப்பட்ட காலத்தில் வேறு வழி இருக்கவில்லை. ஆனால் ஒருவரிடமிருந்து தற்காப்பு உரிமையை எடுத்துக்கொள்ளும் அரசு காவல் கடமையையும் சேர்த்து எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். எடுத்துக்கொள்ளவில்லை. நூறு ஆண்டுகளில் மூன்று சட்டங்கள் வந்தும் பரணில் தூங்காமல் இருக்க வேண்டியவர் யார் என்பது மட்டும் மாறவில்லை.

இனி வேடிக்கை பார்க்க வந்தவர்கள். 1809ல் பெங்களூர் தண்டுப் பகுதி உருவானது. 1824ல் ஓசூரை அடுத்த மத்திகிரியில் படைக்குக் குதிரை வளர்க்கும் பண்ணை தொடங்கியது. இன்றைய கால்நடைப் பண்ணை அதன் வாரிசு. குளிர்ந்த காற்றும் பக்கத்துக் காடும் வெள்ளை அதிகாரிகளை ஓசூருக்கு இழுத்தன. சேலத்துக் கலெக்டர் பிரெட் இங்கிலாந்துக் கோட்டையைப் பார்த்து இங்கே மாளிகை கட்டிக்கொண்டார். தளிக்குக் ‘குட்டி இங்கிலாந்து’ என்று பட்டம் கிடைத்தது. விடுமுறையில் விலங்கைத் தேடிப் போகும் வழக்கம் இந்த மண்ணில் இப்படித்தான் வேர்விட்டது. அதன் முழு வடிவத்தைக் காண வேண்டுமென்றால் இருபதாம் நூற்றாண்டில் கென்னத் ஆண்டர்சனிடம் போக வேண்டும். 1910ல் பிறந்து 1974ல் மறைந்த இவர் பெங்களூர் விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். லீவு கிடைத்தால் காரை எடுத்துக்கொண்டு தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, பென்னாகரம் பக்கம் இறங்கிவிடுவார். 1954ல் வந்த அவருடைய முதல் நூலில் ஜவளகிரியின் ஆட்கொல்லிப் புலி ஒரு அத்தியாயம். 1959ல் வந்த நூலின் தலைப்பிலேயே சிவனிபள்ளியின் கருஞ்சிறுத்தை இருக்கிறது. தொழிற்சாலை ஊழியர் ஒருவர் வார இறுதியில் எல்லை தாண்டி ஓசூர்க் காட்டுக்கு வந்து, துணிகரம் அனுபவித்து, திங்கட்கிழமை வேலைக்குத் திரும்புவது என்ற இன்றைய பழக்கத்தை அவர் ஐ.டி. கம்பெனிகளுக்கு முன்பே தொடங்கி வைத்துவிட்டார்.

ஆண்டர்சனை வெறும் வேடிக்கைக்காரர் என்று தள்ளிவிடுவது அநியாயம் என்று அவருடைய வாசகர்கள் சொல்வார்கள். ஒத்துக்கொள்கிறேன். ஆட்கொல்லி நடமாடிய ஊர்கள் அவரை வரவேற்றன. பிற்காலத்தில் துப்பாக்கியைவிட கேமராவே மேல் என்ற பக்கம் சாய்ந்தார். பைரா என்ற பூசாரிக் குடிக்காரரையும் பென்னாகரத்து ரங்காவையும் நண்பர்களாகவே எழுதினார். காட்டை அவர்களிடம் கற்றதை மறைக்கவில்லை. ஆனால் என் வாதத்துக்கு அவர் எதிர்ச்சான்று அல்ல, நல்ல சான்று. தடம் பார்ப்பவர், மரத்தில் பரண் கட்டுபவர், இரைக்கு மாடு விற்பவர், முந்தின வாரம் புலிக்கு மனைவியைப் பறிகொடுத்தவர் எல்லாரும் உள்ளூர்க்காரர்கள். கதை சொல்பவர், கதையின் நாயகர், புத்தகத்துக்கு ராயல்டி பெறுபவர் பெங்களூர்க்காரர். புலிகுத்திக் கல்லில் செத்தவன் உருவம்தான் இருக்கும். வேட்டைப் புத்தகத்தின் படத்தில் சுட்டவர் உருவம் இருக்கும்.

தந்தத் திருட்டைச் சுருக்கமாகவே சொல்லலாம், அதைப் பற்றித் தேவைக்கு மேல் எழுதியாகிவிட்டது. வீரப்பன் 2004 அக்டோபர் 18 அன்று தருமபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டி அருகே சுட்டுக் கொல்லப்படுமுன் அவன் பெயர் காவிரியின் இரு கரைக் காட்டையும் பூட்டி வைத்திருந்தது. அவனுடைய காலத்தில் கொம்பன்கள் குறைந்தன. பயத்தால் சுற்றுலாவும் குறைந்தது. காட்டுக்குள் ஆள் நுழையாத அந்த ஆண்டுகளிலும் ராகிக் காவல் மட்டும் நிற்கவில்லை.

இப்போது ஆலைகளுக்கு வருவோம், ஏனென்றால் என் வாதத்துக்கு மிகப் பெரிய மறுப்பு அங்கேதான் இருக்கிறது. 1971ல் சிப்காட் உருவாகி, அந்தப் பத்தாண்டிலேயே ஓசூரில் தொழிற்பேட்டை எழுந்தது. 1980ல் அசோக் லேலண்ட் ஆலை; அதே காலத்தில் டி.வி.எஸ். மொபெட், 1984ல் டாடாவும் டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய டைட்டன். பிறகு சூளகிரி, போச்சம்பள்ளி, கெலமங்கலம் பக்கம் டாடா எலெக்ட்ரானிக்ஸ் வரை அந்த வரிசை நீள்கிறது. இதே 1980களில்தான் ஓசூர், தருமபுரிக் காடுகளிலிருந்து யானைகள் கிழக்கே நகர்ந்து, சுமார் இருநூறு ஆண்டுகளாகக் காட்டு யானையே இல்லாத ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் போய்க் குடியேறின. அவற்றுக்காகவே 1990ல் கௌண்டின்யா சரணாலயம் அறிவிக்கப்பட்டது. காலம் பொருந்துகிறதே, காடு அழிந்ததுதான் காரணம் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும் என்று கேட்பார்கள்.

காலம் பொருந்துவதை மறுக்கவில்லை. ஆனால் சிப்காட் எழுந்தது பெரும்பாலும் மேய்ச்சல் தரையிலும் மானாவாரி வயலிலும். ரிசர்வ் காட்டின் எல்லைக்கல் அப்படியேதான் இருக்கிறது. 2014ல் காவிரி வடக்கு, 2022ல் காவிரி தெற்கு என்று இரண்டு சரணாலயங்கள் அறிவிக்கப்பட்டு, காட்டின் சட்டப் பாதுகாப்பு கூடியிருக்கிறது. அதிகம் மாறியது காட்டுக்கு வெளியே இருக்கும் நிலம். 1950களில் தென்பெண்ணையில் கிருஷ்ணகிரி அணை, பிற்காலத்தில் கெலவரப்பள்ளி அணை. ஆயிரக்கணக்கில் ஆழ்துளைக் கிணறு. ஒரு போகம் ராகி மட்டும் விளைந்த வயலில் ஆண்டு முழுக்கக் கோசும் தக்காளியும் வாழையும். பெங்களூர்க் கழிவால் நுரை பொங்கும் கெலவரப்பள்ளி நீரில்கூட யானைகள் இறங்கிக் குளிக்கின்றன. நிஷாந்த் சீனிவாசையாவும் அவருடைய குழுவினரும் 2019ல் வெளியிட்ட ஆய்வில், 2016-17ல் இந்த வட்டாரம் உள்ளிட்ட தென்னிந்திய நிலப்பரப்பில் 248 ஆண் யானைகளைப் புகைப்படம் மூலம் அடையாளம் கண்டார்கள். தனியே திரிய வேண்டிய இளம் ஆண்கள், பயிர் நிலங்கள் இருக்கும் பகுதிகளில் பெரிய கூட்டமாகச் சேர்ந்து நீண்ட காலம் ஒன்றாக இருப்பதை அவர்கள் கண்டார்கள். ஆபத்து நிறைந்த இடத்தில் கூட்டுச் சேர்ந்து பிழைக்கும் புதிய உத்தி இது என்பது அவர்கள் முடிவு. வீடிழந்த அகதி என்ற உருவகம் இந்த யானைகளுக்குச் சரிப்படாது. அவை புதிய ஊரைப் படித்துப் பழகிக்கொண்ட விலங்குகள். துண்டாடப்பட்ட பாதையும் இதில் ஒரு காரணம்தான். தளிக்கும் பிளிக்கல்லுக்கும் இடையிலான வழித்தடத்தைக் காக்க வேண்டும் என்று யானை வல்லுநர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருவது சும்மா அல்ல. ஆனால் காட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால், வயலில் என்ன மாறியது என்பதும் அந்த மாற்றத்துக்கு யார் இரவில் விலை கொடுக்கிறார்கள் என்பதும் கண்ணில் படாது. முன்பு கார்த்திகை மார்கழி என்று ஒரு பருவத்தோடு முடிந்த காவல் இன்று எந்த மாதமும் வரலாம். ஆலைக்கு இரண்டாம் ஷிப்ட் போய்வரும் மகன், பரணில் அப்பாவுக்கு மாற்று ஆளாக இருக்க முடியாது. காவலுக்கு ஆள் குறைந்து காவல் நாள் கூடிய இந்தக் கணக்கு எந்தக் காட்டு வரைபடத்திலும் வராது.

வனத்துறை சும்மா இருக்கிறது என்று யாரும் சொல்ல முடியாது. அகழி, சூரியமின் வேலி, எஃகு வடக் கம்பி வேலி, செல்போனில் எச்சரிக்கை, பட்டாசும் டார்ச்சும் ஏந்திய விரட்டும் குழு எல்லாம் உண்டு. பேரண்டப்பள்ளி அருகே யானைகள் கடக்கும்போது நெடுஞ்சாலையில் லாரிகளை நிறுத்தி வைக்கிறார்கள். சானமாவிலிருந்து ஜவளகிரிக்கும் அங்கிருந்து கர்நாடகத்துக்கும் விரட்டுகிறார்கள்; சில நாளில் யானைகள் திரும்பி வருகின்றன. மாநில எல்லை யானைக்குத் தெரியாது என்பது எல்லாரும் சொல்லும் வசனம். உண்மையில் எந்தப் பக்கம் பட்டாசு வெடிக்கிறது என்பதை வைத்து அது எல்லையை நன்றாகவே தெரிந்து வைத்திருக்கிறது. இந்த விரட்டலிலும் முன்வரிசையில் நிற்பவர் பெரும்பாலும் வேட்டைத் தடுப்புக் காவலர் என்ற பெயரில் தற்காலிகச் சம்பளத்தில் இருக்கும் காட்டோர இளைஞர். பரண்காரரின் மகன்தான் அரசின் பரணிலும் நிற்கிறார்.

காவலும் காட்சியும் எவ்வளவு தூரம் பிரிந்துவிட்டன என்பதை 2023 மார்ச் மாதத்தைப் போல எதுவும் காட்டாது. அந்த மாதம் 7ஆம் தேதி தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே, விளைநிலத்தைச் சுற்றிக் கள்ளத்தனமாகக் கட்டிய மின்கம்பியில் சிக்கி மூன்று பெண் யானைகள் இறந்தன. இரண்டு குட்டிகள் அவற்றைச் சுற்றிச் சுற்றி வந்தன. ஒரு வாரம் ஆவதற்குள் லாஸ் ஏஞ்சலீஸ் நகரில், முதுமலை தெப்பக்காட்டு முகாமின் பொம்மனும் பெள்ளியும் வளர்த்த யானைக் குட்டிகளைப் பற்றிய ஆவணப்படம் ஆஸ்கர் விருது பெற்றது. படத்தின் நாயகனான குட்டி ரகு, 2017ல் ஓசூர்க் காட்டிலிருந்து மீட்கப்பட்டவன். அவனுடைய தாயும் மின்சாரம் தாக்கித்தான் செத்தது. விருதுக்குப் பிறகு ரகுவைப் பார்க்கத் தெப்பக்காட்டில் சுற்றுலாக் கூட்டம் அலைமோதியது. அவனைப் பார்த்து உருகியவர்களில் எத்தனை பேர் அவன் எந்த ராகிக் காட்டுக் கணக்கின் மீதி என்று கேட்டிருப்பார்கள்? கள்ள மின்வேலி போட்டவனை நியாயப்படுத்த முடியாது. அது குற்றம், அதற்குத் தண்டனை வேண்டும். ஆனால் அந்தக் கம்பியை ஒரு தனிமனிதனின் கொடூரம் என்று மட்டும் படித்தால் பாதிதான் படித்ததாகும். தூங்காமல் இருக்க முடியாதவன் தனக்குப் பதிலாக விழித்திருக்க ஒரு கம்பியை வைக்கிறான். அவனுடைய பரண் மின்சாரமாகிவிட்டது.

சுற்றுலாவே இதற்குத் தீர்வு என்பவர்கள் இருக்கிறார்கள். பார்க்க வருபவர் காசு கொடுத்தால் விலங்கு ஊருக்கு வருமானமாகும், பகை குறையும் என்பது அவர்கள் கணக்கு. இலங்கையின் மின்னேரியா அதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும். மகாசேன மன்னன் கட்டிய அந்தக் குளத்தில் நீர் வடியும் ஜூலை முதல் செப்டம்பர் வரை நூற்றுக்கணக்கில் யானைகள் புல் மேயக் கூடும். தீவுக்கு விடுமுறையில் வரும் வெளிநாட்டார் ஜீப்பில் நின்று பார்த்துப் பரவசப்படுவார்கள். நல்ல காட்சி, நல்ல வருமானம். ஆனால் அதே இலங்கையில் 2023ஆம் ஆண்டில் மட்டும் நானூறுக்கும் மேற்பட்ட யானைகள் இறந்தன; யானைகளால் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட மனிதர்கள் செத்தார்கள். ஜீப் காசு ஹோட்டலுக்கும் பூங்காவுக்கும் போகிறது. காட்டை எரித்துப் பயிரிடும் சேனை நிலத்தின் குடிசையில் இரவு காப்பவருக்கு வெடிதான் மிஞ்சுகிறது. அந்தமானின் ஹாவ்லாக் தீவில் ராஜன் என்ற யானை கடலில் நீந்துவதை உடன் நீந்திப் பார்க்கப் பயணிகள் காசு கொடுத்தார்கள். மரம் இழுக்கக் கொண்டுவரப்பட்டு, மரம் வெட்டுவது நின்றதும் வேலையிழந்த யானை அது, 2016ல் இறந்தது. காட்சி ஒரு தொழிலாக மாறும்போது, விலங்கின் பழைய பாட்டையும் அதன் பக்கத்தில் வாழ்பவரின் இரவையும் சட்டகத்துக்கு வெளியே தள்ளிவிடுவது அதன் இயல்பு. சுற்றுலா வருமானத்திலிருந்து காவலுக்குக் கூலி போகும் ஏற்பாடு எங்காவது உண்டானால் என் கருத்தை மாற்றிக்கொள்வேன். ஓசூரில் இதுவரை உண்டானது நெடுஞ்சாலை ஓரம் காரை நிறுத்திச் செல்போனைத் தூக்கும் கூட்டம் மட்டுமே. யானை மிரள்கிறது, விரட்டும் குழுவுக்கு இன்னொரு வேலை கூடுகிறது.

யானைக்குப் பிடிக்காத பயிரை வைக்கலாமே என்ற ஆலோசனையும் அடிக்கடி வரும். தளி, ஓசூர்ப் பக்கம் பசுமைக்குடிலில் ரோஜா வளர்ப்பவர்கள் பலர் அப்படி மாறியும் இருக்கிறார்கள். காதலர் தினத்துக்கு வெளிநாடு போகும் பூவை யானை தேடி வருவதில்லை. ஆனால் குடில் போட முதல் வேண்டும், குளிர்பதன வண்டி வேண்டும், தண்ணீர் வேண்டும். இரண்டு ஏக்கர் மானாவாரிக்காரருக்கு ராகிதான் களியும் மாட்டுத் தீவனமும். சர்க்கரை நோய்க்கு ராகி நல்லது என்று பெங்களூரும் சென்னையும் ராகி மாவுப் பாக்கெட் வாங்குகின்றன. தருமபுரியில் ரேஷன் கடையிலும் ராகி வந்துவிட்டது. நகரத்துக்குத் தானியமும் வேண்டும், யானையும் வேண்டும். இரண்டையும் ஒரே வயலில் விளைவிக்கச் சொல்லிவிட்டு, பயிரை மாற்று என்று அதே வயல்காரரிடம் சொல்வது வசதியான அறிவுரை.

ஆகவே, கேட்க வேண்டிய கேள்வி யானையை எங்கே விரட்டுவது என்பதைவிட, காவலுக்கு யார் பொறுப்பு என்பதுதான். விலங்குக்கு உரிமையாளராக 150 ஆண்டுகளாக இருக்கும் அரசு, இரவுக் காவலைக் கூலி வேலையாக ஏற்றுச் சம்பளம் கொடுப்பது கிறுக்குத்தனமான யோசனை என்று தோன்றலாம். கிராமத் தலையாரிக்குப் படி அளந்த நாட்டில் அப்படித் தோன்றத் தேவையில்லை. இழப்பீடு இருக்கிறதே என்பார்கள். இழப்பீடு மிதித்த பயிருக்குத்தான். மிதிக்காமல் காத்த இரவுகளுக்கு இல்லை. எத்தனை வாரம் விழித்திருந்தார் என்பதற்கு எந்தப் பதிவேட்டிலும் பத்தி கிடையாது. 2025 நவம்பரில் ஒன்றிய வேளாண் அமைச்சகம், பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் வனவிலங்குச் சேதத்தையும் 2026 காரிஃப் பருவம் முதல் சேர்ப்பதாக அறிவித்தது. எந்த விலங்கு, எந்த மாவட்டம் என்பதை மாநிலங்கள் அறிவிக்க வேண்டும். சேதம் நடந்த 72 மணி நேரத்துக்குள் விவசாயி செயலியில் இடக்குறியோடு புகைப்படம் எடுத்து ஏற்ற வேண்டும். நல்ல தொடக்கம்தான். ஆனால் பருவம் முழுக்க யானையை வெற்றிகரமாகத் தடுத்து நிறுத்திய பரண்காரருக்கு இந்தச் செயலியில் ஏற்றுவதற்கு ஒரு படமும் இருக்காது.